எந்தக் காரிகையில்?

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய கருத்தரங்கக் கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: பர்த்ருஹரியின் கொள்கைப்படி ஸ்போடம் என்பது பிரிக்கவொண்ணாத, அழிவற்ற, பொருளைத் தாங்கி நிற்கும் சொல்வடிவம், செவியில் விழும் ஒலி அதனை வெளிப்படுத்தும் கருவி மட்டுமே. நான் வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த முதிய பேராசிரியர் ஒருவர் கேட்டார்: “இதை அவர் எந்தக் காரிகையில் சொல்கிறார்?” நான் மூன்று நூல்களின் பெயர்களைச் சொன்னேன். “அவை அவரைப் பற்றிய நூல்கள். நான் அவருடைய நூலைக் கேட்கிறேன்,” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. ஆயினும் என்னிடம் விடை இல்லை. வாக்கியபதீயத்தை அதுவரை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அந்தக் கட்டுரையை அதற்குமுன்பே இணையத்தில் ஏற்றி வைத்திருந்தேன். அதனால் நேர்ந்ததை இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கண்ட வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஒரு தத்துவ ஆசிரியரைப் பிறர் வாய்மொழியால் மட்டுமே அறிந்துகொள்ளும்போது என்ன நேர்கிறது என்பதற்குப் பர்த்ருஹரியைவிடத் தெளிவான சான்று இந்திய மெய்யியலில் அதிகம் இல்லை என்று எண்ணுகிறேன்.

வாக்கியபதீயம் மூன்று காண்டங்கள் கொண்டது. ஏறத்தாழ 2000 காரிகைகள். முதற்காண்டம் சொல்லையே பிரம்மமாகக் கொண்டு தொடங்கி, ஒலிக்கும் சொல்லுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறது. இரண்டாம் காண்டம் வாக்கியம் என்றால் என்ன என்று கேட்கிறது. மூன்றாம் காண்டம் பொதுமை, பொருள், உறவு, வினை, காலம், எண், பால் முதலானவற்றைப் பதினான்கு பகுதிகளில் விரித்துரைக்கிறது. மொழியியல் மாணவர் ஒருவர் தம் வாழ்நாளில் எழுப்பக்கூடிய அடிப்படைக் கேள்விகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வடிவில் இந்நூலில் உள்ளன. இத்துணைப் பரந்த நூல் இன்றைய பாடப்புத்தகங்களில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது: ஸ்போடவாதம்.

மூலத்தைத் திறந்தபோது எனக்கு முதலில் ஏற்பட்டது வியப்பு. ஸ்போடம் என்ற சொல் இவ்வளவு பெரிய நூலில் சில காரிகைகளில் மட்டுமே வருகிறது. அதுவும் முதற்காண்டத்தின் நடுப்பகுதியில், ஒலிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவைப் பேசும் இடத்தில் வருகிறது. அங்கும் அவர் ஒரே கொள்கையை நிறுவிவிட்டுப் போவதில்லை. ஒலி விரைவாகவோ மெதுவாகவோ நீளலாம். ஸ்போடத்துக்கு அந்தக் கால வேறுபாடு இல்லை என்று ஓரிடத்தில் கூறுகிறார். பல தனி ஒலிகளால் வெளிப்படும் பொதுமையே ஸ்போடம் எனச் சிலர் கொள்வதாக வேறோரிடத்தில் குறிக்கிறார். இன்னோரிடத்தில், ஒலிப்புறுப்புகள் சேர்வதாலும் பிரிவதாலும் முதன்முதலில் பிறக்கும் ஒலியே ஸ்போடம், அந்த ஒலியிலிருந்து தொடர்ந்து பிறப்பவை துவனிகள் என்ற கருத்தையும் எடுத்துரைக்கிறார். இந்தக் கடைசிக் கருத்தின்படி ஸ்போடம் பிறக்கிறது. ஆகவே அது அழிவற்றதாக இருக்க முடியாது. நான் எழுதிய வாக்கியம் அந்த நூலின் ஒரு பக்கத்தில் உள்ளவற்றுக்கே பொருந்தவில்லை.

இன்னும் பின்னே போனால் வேறுபாடு மேலும் துலங்குகிறது. பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் ஸ்போடம் என்ற சொல் தனி ஒலிகளுக்கும் ஆளப்படுகிறது. ரகர ஒலி லகர ஒலியாகத் திரியும் என்னும் விதியைப் பேசும்போது, இரண்டிடத்தும் சுட்டப்படுவது ஸ்போடம் மட்டுமே என்கிறார். தனி ரகரமோ லகரமோ தன்னளவில் எந்தப் பொருளையும் தாங்குவதில்லை. முரசின் ஒலி ஒருமுறை இருபது அடியும் ஒருமுறை முப்பது அடியும் நீடிக்கிறது என்ற உவமையும் அவருடையதே. ஸ்போடம் அதே அளவினதாக இருக்க, கூடுவதும் குறைவதும் துவனி என்பது அவர் கருத்து. இன்றைய மொழியியல் மாணவர் இதைப் படித்தால் ஒலியனும் அதன் ஒலிப்பு வேறுபாடுகளும்தான் நினைவுக்கு வரும். ‘பொருளைத் தாங்கி நிற்கும் வடிவம்’ என்ற வரையறைக்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் நான் எழுதிய வரையறை யாருடையது? அது பின்வந்தோர் வளர்த்தெடுத்த கொள்கை. மண்டன மிசிரர் ஸ்போடசித்தி என்று தனிநூலே எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் கௌண்ட பட்டரும் அவருக்குப்பின் நாகேச பட்டரும் ஸ்போடத்தைப் பொருளுணர்த்தும் அலகாக நிறுவி, அதன் வகைகளை எட்டாக எண்ணி முறைப்படுத்தினர். மறுபுறம் மீமாம்சகரான குமாரிலரும் வேதாந்தியான சங்கரரும் ஸ்போடத்தை மறுத்து எழுதினர். மறுப்பவருக்கு, தாம் மறுக்கும் கொள்கை ஒரே வடிவில் திரண்டு நிற்பது வசதி. 14-ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான சர்வதரிசன சங்கிரகம் பாணினி தரிசனம் என்ற தலைப்பில் இலக்கணிகளின் மெய்யியலைச் சில பக்கங்களில் சுருக்கித் தந்தது. ஆதரித்தோர் ஒழுங்குபடுத்தியதும் எதிர்த்தோர் திரட்டியதும் தொகுத்தோர் சுருக்கியதும் ஒன்றுசேர்ந்து, ஐந்தாம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவரின் வாயில் அவர் சொல்லாத வாக்கியத்தை வைத்தன.

1951-இல் ஜான் பிரஃப் எழுதிய கட்டுரை ஸ்போடத்தைச் சூழ்ந்திருந்த மறைஞானப் புகையை விலக்கி, அதைப் பொருளுணர்த்தும் மொழிக்குறியாக விளக்கியது. அது பெரிய முன்னேற்றம். என்றாலும் அந்த விளக்கம் பிற்கால இலக்கணிகளுக்குப் பொருந்தும் அளவுக்குப் பதஞ்சலிக்கும் பர்த்ருஹரிக்கும் பொருந்தாது என்பதை எஸ். டி. ஜோஷி, கௌண்ட பட்டரின் ஸ்போடநிர்ணயத்தை மொழிபெயர்த்துப் புனேயில் 1967-இல் வெளியிட்டபோது அதன் முன்னுரையில் எடுத்துக்காட்டினார். நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தத் திருத்தம் அச்சில் வந்துவிட்டது. அதன்பிறகும் என் கட்டுரைக்குப் பழைய வாக்கியம்தான் வந்து சேர்ந்தது. சுருக்கங்களைப் பார்த்துச் சுருக்கங்கள் எழுதப்படும்போது திருத்தங்கள் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

கொள்கைக்கு நேர்ந்த இதே கதி பர்த்ருஹரியின் காலத்துக்கும் நேர்ந்தது. சீனப் பயணியான இட்சிங் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் தங்கி நாளந்தாவில் பயின்றவர். இந்தியாவில் இலக்கணம் பயிலும் முறையை விவரிக்கும் இடத்தில் பர்த்ருஹரியின் நூல்களைக் குறிப்பிடுகிறார். அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆயின என்றும், பௌத்தத் துறவியாக ஏழுமுறை மாறி ஏழுமுறை இல்லறத்துக்குத் திரும்பினார் என்றும் எழுதுகிறார். இந்தக் கணக்குப்படி பர்த்ருஹரி ஏறத்தாழ கி.பி. 651-இல் இறந்திருக்க வேண்டும். மாக்ஸ் முல்லர் 1883-இல் இதனை ஏற்றார். 1896-இல் தகாகுசுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் இந்த ஆண்டு மேலும் உறுதிபெற்றது.

தவறு அத்துடன் நிற்கவில்லை. குமாரிலர் வாக்கியபதீயத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறார். பர்த்ருஹரி 650-ஐ ஒட்டி இறந்தவர். ஆகவே குமாரிலர் எட்டாம் நூற்றாண்டினர் என்று கே. பி. பாட்டக் 1893-இல் வாதிட்டார். வாதத்தின் முதற்பகுதி மூலத்தை நேரே படித்து அறிந்த உண்மை. இரண்டாம் பகுதி கேள்விப்பட்ட செய்தி. இரண்டும் சேர்ந்து பிறந்த முடிவு இன்னொரு பெரிய ஆசிரியரின் காலத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. அடித்தளத்தில் ஒரு கல் நகர்ந்தால் மேலே உள்ள சுவரும் நகரத்தான் செய்யும்.

இதை ஐயுற்றவர்களும் இருந்தனர். சென்னையில் 1936-இல் வெளிவந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் நினைவு மலரில் சி. குன்ஹன் ராஜா, இட்சிங்கின் செய்தியையும் வாக்கியபதீயத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தீர்க்கமான சான்று 1951-இல் வந்தது. பௌத்தத் தருக்கவியலாளர் திங்நாகரின் பிரமாணசமுச்சயம் அப்போது முழுமையாகக் கிடைத்தது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். மைசூரைச் சேர்ந்த எச். ஆர். ரங்கசாமி ஐயங்கார், அந்நூலில் வாக்கியபதீயக் காரிகைகள் இடம்பெற்றிருப்பதைக் கண்டறிந்து எழுதினார். சமண முனிவரும் பதிப்பாசிரியருமான ஜம்புவிஜயரின் ஆய்வுகளும் அதே முடிவைச் சுட்டின. பின்னர் எரிக் ஃபிரவ்வால்னர், திங்நாகரின் திரைகால்யபரீட்சை என்னும் சிறுநூல் வாக்கியபதீய மூன்றாம் காண்டத்தின் உறவு பற்றிய பகுதியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட காரிகைகளைச் சிற்சில மாற்றங்களோடு எடுத்தாண்டிருப்பதை 1959-இல் காட்டினார். திங்நாகர் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியையும் ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியையும் சார்ந்தவர். அவர் எடுத்தாண்ட காரிகைகளை எழுதியவர் 651 வரை வாழ்ந்திருக்க முடியாது. பர்த்ருஹரி ஐந்தாம் நூற்றாண்டுக்குத் திரும்பினார். நூற்றைம்பது ஆண்டுக் காலப் பிழையை நீக்கியது புதிய கல்வெட்டோ அகழாய்வோ அன்று. இரண்டு நூல்களைக் காரிகை காரிகையாகப் பக்கத்தில் வைத்துப் படித்தவர்களின் பொறுமையே அதை நீக்கியது.

இங்கே இட்சிங்குக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் வாக்கிய நூலுக்கு 700 சுலோகங்கள் என்று கணக்குச் சொல்கிறார். இன்று கிடைக்கும் முதலிரண்டு காண்டங்களின் அளவு இதற்கு வெகு அருகில் உள்ளது. எனவே நூலின் அளவைப் பற்றி அவருக்குக் கிடைத்த தகவல் செம்மையானது. ஆசிரியரின் வாழ்வைப் பற்றிக் கிடைத்தது பிழையானது. இரண்டையும் அவர் ஒரே தொனியில்தான் எழுதிவைத்திருக்கிறார். பிறர் கூற்றை நம்புவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுவே. எல்லாம் பொய்யாக இருந்தால் தள்ளிவிடலாம். மெய்யும் பிழையும் கலந்து வரும்போது எது எது என்பதை அந்தக் கூற்றுக்குள் இருந்துகொண்டே பிரித்தறிய வழி இல்லை. மூலத்துக்குப் போனவருக்கு மட்டுமே அது இயலும்.

நான் சற்றும் எதிர்பாராத செய்தி ஒன்று இரண்டாம் காண்டத்தின் இறுதியில் காத்திருந்தது. அங்கே பர்த்ருஹரி தம் துறையின் வரலாற்றைச் சில காரிகைகளில் சொல்கிறார். வியாடி இயற்றியதாகக் கூறப்படும் சங்கிரகம் என்னும் பெருநூல், சுருக்கத்தில் நாட்டமும் சிறிதளவு கல்வியும் உடைய இலக்கணிகளின் கைக்கு வந்துசேர்ந்தபோது மறைந்துபோயிற்று என்கிறார். அதன்பின் பதஞ்சலி மகாபாஷ்யத்தை இயற்றினார். அது ஆழத்தால் அடிகாண முடியாததாயினும் நடையின் எளிமையால் ஆழமற்றதுபோலத் தோன்றியது. பக்குவப்படாத அறிவினர் அதில் தெளிவு பெறவில்லை. வறட்டுத் தருக்கத்தின் வழி நடந்த சிலர் அதனைக் குலைத்தனர். ஒரு காலத்தில் இலக்கண மரபு தென்னாட்டாரிடம் வெறும் ஏட்டு வடிவில் மட்டும் எஞ்சியிருந்தது. பின்னர் சந்திராசாரியர் முதலியோர் அதனை மீட்டுப் பரப்பினர். இவ்வளவையும் கூறிவிட்டுத் தம் ஆசிரியரின் பணியை நினைவுகூர்கிறார்.

இதனை எழுத்தெழுத்தாக வரலாறு எனக் கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒரு நூல் தீயாலோ செல்லாலோ மட்டும் அழிவதில்லை, சுருக்கத்தை விரும்பும் வாசகர்களாலும் அழியும் என்று அவர் கருதியது தெளிவு. சங்கிரகம் இன்று நம்மிடம் இல்லை. அதிலிருந்து பிறர் எடுத்துக்காட்டிய சில துணுக்குகளே உள்ளன. இதை எழுதியவரையே நாம் சுருக்கங்கள் வழியாகப் படிக்கிறோம் என்பதை உணர்ந்தபோது என் கருத்தரங்கக் கட்டுரையை எண்ணி வெட்கப்பட்டேன்.

ஏன் சுருக்கத்தை நாடுகிறோம் என்பதற்கு நூலின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. பர்த்ருஹரி கடினமானவர். அவர் பயன்படுத்தும் சொற்கள் பெரும்பாலும் எளியவை. கடினம் அவருடைய முறையில் இருக்கிறது. இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தில் வாக்கியம் என்றால் என்ன என்பதற்கு எட்டுக் கருத்துகளை அடுக்குகிறார். ஒவ்வொன்றையும் அதனை ஏற்றவர் வாதிடுவதுபோலவே வலுவாக எடுத்துரைக்கிறார். எங்கே பிறர் கருத்து முடிந்து தம் கருத்து தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுவதில்லை. பொறுமையற்ற வாசகர் எட்டில் ஒன்றை எடுத்து ‘பர்த்ருஹரி கூறுகிறார்’ என்று எழுதிவிடலாம்; அதற்குக் காரிகை எண்ணும் கொடுத்துவிடலாம். எனவே மூலத்தைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. ஒற்றைக் காரிகையைப் பிடுங்கி எடுப்பதும் ஒருவகைச் செவிவழிச் செய்தியே.

‘மூலத்தை நேரே படியுங்கள்’ என்ற அறிவுரையை ‘தனியே படியுங்கள்’ என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதையும் நான் மெல்லவே கற்றேன். கே. ஏ. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்து, புனே டெக்கான் கல்லூரி 1966-இல் வெளியிட்ட முதற்காண்டம் காரிகை, விருத்தி, விருஷபதேவரின் பத்ததி ஆகிய மூன்றையும் ஒருங்கே தருகிறது. அந்தப் பதிப்பைக் கையில் வைத்திருந்தும் முதற்காண்டத்தை முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. விருத்தியின்றிப் பல காரிகைகள் விளங்கவில்லை. அந்த விருத்தியும் பர்த்ருஹரியே எழுதியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு: ஐயர் ஆம் என்றார், பிரெஞ்சு அறிஞர் மாதலேன் பியார்தோ இல்லை என்றார். ஆக, மூலத்தின் எல்லை எது என்பதே ஆய்வுக்குரிய கேள்வியாகிவிடுகிறது. பர்த்ருஹரியும் இரண்டாம் காண்டத்தின் முடிவில், வெவ்வேறு மரபுகளின் பார்வைகளைக் கண்டே அறிவு கூர்மை பெறும் என்றும், தன் தருக்கத்தின் பின்னாலேயே ஓடுபவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்றும், மூத்தோரை அண்டிக் கல்லாதவர்க்குக் கல்வி தெளிவதில்லை என்றும் பொருள்படக் கூறுகிறார்.

எனவே உரைகளும் ஆய்வு நூல்களும் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. பிரஃப் இல்லாமல் ஜோஷி இல்லை. ஜோஷி இல்லாமல் நான் தேடிய விடை எனக்குக் கிடைத்திராது. நம் இலக்கண மரபு முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்தபோது வழிநூலை இழிவாகக் கருதவில்லை. ஆனால் எது எதன் வழியில் வந்தது என்பதை மறக்கக் கூடாது என்ற கவனம் அந்தப் பகுப்பில் உண்டு. இப்போது நான் பின்பற்றும் முறை எளியது. முதலில் காரிகையை அதன் முன்பின் பத்துக் காரிகைகளோடு படிக்கிறேன். எனக்கு விளங்கியதைத் தவறாயினும் இரண்டு வரியில் எழுதிவைக்கிறேன். அதன்பிறகே உரைக்கும் ஆய்வு நூலுக்கும் போகிறேன். என் இரண்டு வரிகள் பெரும்பாலும் அடித்து எழுதப்படுகின்றன. ஆனால் ஏன் அடிபட்டன என்று எனக்குத் தெரிகிறது. உரையாசிரியரோடு உடன்படவோ மாறுபடவோ அப்போதுதான் எனக்கு ஏதேனும் ஒரு நிலம் கிடைக்கிறது.

இனி, தொடக்கத்தில் சொல்லாமல் விட்டது. சென்ற ஆண்டு, முன்பின் அறியாத இளநிலை ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு எனக்கு அனுப்பியிருந்தார். ஸ்போடத்தைப் பற்றிய பத்தியில் என் பழைய வாக்கியம் இருந்தது. மேற்கோள் குறிகளுக்குள், என் பெயருடன், சான்றாக. இட்சிங்கை நம்பியவர்களைப் பற்றி அதுவரை நான் சற்று உயரத்தில் நின்றே எண்ணிவந்தேன். அன்று அந்தச் சங்கிலியில் என் வளையமும் இருப்பதைக் கண்டேன். அவரிடம் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் காரிகையில்? ஆனால் அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கட்டுரையை இணையத்திலிருந்து நீக்கினேன். என் பிழையை விளக்கி அவருக்கு எழுதினேன். முதற்காண்டத்தின் அந்தப் பகுதியை விருத்தியுடன் படியெடுத்து அனுப்பினேன்.

அவர் ஒரு வாரம் கழித்து எழுதிய மறுமொழியில், எதுவும் விளங்கவில்லை, சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறோம், இப்போது நால்வர். நாங்கள் படிக்கும் அதே பகுதியில் பர்த்ருஹரி ஓர் உவமை சொல்கிறார். மனப்பாடம் செய்யும் ஒரு பாடம் திரும்பத் திரும்ப ஓதுவதால் வசப்படுகிறது. ஆனால் எந்த ஒருமுறை ஓதும்போதும் அது முழுமையாகப் பிடிபடுவதில்லை என்பது அதன் கருத்து. ஒலிகள் ஒவ்வொன்றாக மறைந்தபின்னும் சொல் எவ்வாறு அறிவில் நிலைக்கிறது என்பதை விளக்கவே அவர் அதைச் சொன்னார். அந்தக் காரிகையை நாங்கள் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.